பள்ளிச் சிறாரும் நல்லொழுக்கமும்

பிள்ளையின் பள்ளி நாட்குறிப்பில் ஆசிரியர் எழுதியனுப்பும் ஒற்றை வரி ஒரு குடும்பத்தின் மாலைப் பொழுதையே மாற்றிவிடும். "தங்கள் மகன் சொன்ன சொல் கேட்பதில்லை" என்பதைப் படித்ததும் தந்தைக்குச் சினம் எழுகின்றது. தாய்க்குக் கவலை பிறக்கின்றது. பிள்ளையோ கதவோரத்தில் ஒதுங்கி நிற்கின்றான். பிறந்த ஊரை விட்டு, வேற்று மொழி வழங்கும் மாநிலங்களில் குடியேறி வாழும் நம் போன்றோர் இல்லங்களில் இக்காட்சி சற்று அடிக்கடியே நிகழ்கின்றது. அதன் காரணம் யாது, தொடக்கப் பள்ளியில் நல்லொழுக்கம் எவ்வாறு உண்டாகின்றது, அதற்கு ஆசிரியரும் பெற்றோரும் செய்யத்தக்கவை எவை என்பவற்றை இவ்வுரையில் சற்று விரிவாகக் காண்போம்.

மத்திய அரசின் மொழிபெயர்ப்புப் பணியில் இருக்கும் நமக்குச் சொற்களைப் புரட்டிப் பார்ப்பது நாள்தோறும் செய்யும் வேலை. 'ஒழுக்கம்' என்னும் நம் சொல் 'ஒழுகு' என்பதிலிருந்து பிறந்தது. நீர் ஒழுகுவது போல இடையறாது ஒரு நெறியில் நடந்துவருதலே ஒழுக்கம். வடநாட்டில் வழங்கும் 'அனுசாசன்' என்னும் சொல்லில், 'அனு' பின்பற்றுதலையும் 'சாசனம்' கட்டளை, அறிவுறுத்தல் என்பவற்றையும் குறிக்கும். 'டிசிப்ளின்' என்னும் ஆங்கிலச் சொல்லோ, கற்பித்தல் என்னும் பொருளுடைய இலத்தீன் சொல்லின் வழிவந்தது. நடத்தல், பின்பற்றுதல், கற்றல் ஆகிய மூன்றும் இம்மூன்று சொற்களில் அடங்கியுள்ளன. ஆயினும் பள்ளி ஒழுங்கு என்றதும் நம் மனக்கண்முன் முதலில் தோன்றுவது பிரம்புதான். இந்தப் பழக்கத்தினால் நாமே ஒருமுறை பெரும் பிழை செய்தோம். அதனைச் சொல்லிவிட்டு மேலே செல்வது நலம்.

சில ஆண்டுகளுக்கு முன்பு நாம் மாற்றலாகித் தலைநகருக்கு வந்தபோது நம் மகனுக்கு ஏழு வயது. ஊரில் முதல் வகுப்பை முடித்திருந்தவன், இங்கே ஒரு பள்ளியில் இரண்டாம் வகுப்பில் சேர்ந்தான். மூன்றாம் வாரத்தில் நாட்குறிப்பு வந்தது. வகுப்பு நடக்கும்போது அனுமதி கேளாமல் எழுந்து ஓடுகின்றான், கேட்டால் மறுமொழி சொல்வதில்லை, மரியாதை தெரியவில்லை என்று மூன்று குற்றங்கள் அதில் எழுதப்பட்டிருந்தன. அலுவலகத்திலிருந்து களைப்போடு திரும்பிய நாம் அவனை விசாரிக்கவில்லை. முதுகில் இரண்டு அடி வைத்தோம். அவன் அழவில்லை. மறுநாள் முதல் காலையில் வயிற்றுவலி என்று சொல்லத் தொடங்கினான். பள்ளி செல்லுமுன் பாலும் பருகுவதில்லை, தண்ணீரும் தொடுவதில்லை.

தண்ணீரைத் தொடாததைக் கண்ட அவன் தாய்க்கு ஐயம் பிறந்தது. அருகில் அமர்த்தி மெல்ல வினவினாள். "நான் விரலைக் காட்டினேன் அம்மா. அவங்க பாடத்தைச் சொல்லச் சொன்னாங்க" என்றான். ஊர்ப் பள்ளியில் ஒன்றுக்குப் போக வேண்டுமானால் ஆள்காட்டி விரலை உயர்த்துவது அவன் கற்ற வழக்கம். இங்குள்ள வகுப்பிலோ அதற்குச் சுண்டுவிரலைக் காட்டுவார்கள். ஆள்காட்டி விரலை உயர்த்தினால், விடை தெரியும், சொல்லட்டுமா என்பது பொருள். ஆசிரியை அவனை எழுப்பி விடை கேட்டிருக்கின்றார். அவன் வாய் திறவாமல் நின்றிருக்கின்றான். பொறுக்க முடியாத நிலையில் வெளியே ஓடியிருக்கின்றான். இந்தத் தொல்லையே வேண்டாமென்று தண்ணீர் குடிப்பதையே அவன் நிறுத்திவிட்டான் என்பதை அறிந்தபோது, ஓங்கிய கையைப் பார்க்க நமக்கே நாணமாயிருந்தது.

மரியாதைக் குறைவு என்ற குற்றத்தின் கதையும் இத்தகையதே. இந்தியில் பெரியோரை 'ஆப்' என்றும், ஒத்தோரை 'தும்' என்றும் விளிப்பர். விளையாட்டுத் தோழர்களிடம் அவன் முதலில் கற்றது 'தும்' என்னும் சொல். அதனையே ஆசிரியையிடமும் வழங்கினான். தமிழில் 'நீங்கள்' என்று பணிவாகப் பேசத் தெரிந்த பிள்ளைதான் அவன். மேலும், 'ஆம்' என்பதற்கு நம்மவர் தலையைப் பக்கவாட்டில் அசைக்கின்றோமல்லவா? அதனை ஆசிரியை 'இல்லை' என்றோ, அலட்சியம் என்றோ கொண்டிருக்கின்றார். ஆக, எழுதப்பட்ட மூன்று குற்றங்களில் ஒன்றேனும் குற்றமன்று. மூன்றும் அவனுக்குக் கற்பிக்கப்படாத பாடங்கள்.

இவ்வுரையின் மையக் கருத்து இதுவே. ஐந்து முதல் பத்து வயது வரையுள்ள பிள்ளை வகுப்பில் தவறாக நடந்தால், முதலில் கேட்கவேண்டிய கேள்வி ஒன்றுண்டு: இவன் கீழ்ப்படிய மறுக்கின்றானா, அல்லது செய்யவேண்டியதை அறியாதிருக்கின்றானா? கூட்டல் தெரியாத பிள்ளைக்குக் கூட்டல் கற்பிக்கின்றோம். வரிசையில் நிற்கத் தெரியாத பிள்ளையை மட்டும் தண்டிக்கின்றோம். எழுத்தும் எண்ணும் போலவே நடத்தையும் ஒரு பாடம். அதனையும் காட்டிக் கொடுத்து, செய்யச் சொல்லி, பிழையைத் திருத்தி, மீண்டும் மீண்டும் பழக்கவேண்டும்.

நம் முன்னோர் இதனை வேறு விதமாகக் கருதியதுண்டு. திண்ணைப் பள்ளிக்கூடங்களில் பிரம்படியோடு 'கோதண்டம்' என்றொரு தண்டனையும் இருந்தது. உத்தரத்தில் கட்டிய கயிற்றைப் பற்றிக்கொண்டு பிள்ளை தொங்கவேண்டும். "கண் இரண்டையும் விட்டுவிட்டு மற்ற இடமெல்லாம் தோலை உரித்துவிடுங்கள்" என்று பெற்றோர்களே உபாத்தியாயரிடம் ஒப்படைத்த காலம் அது. ஆனால் அதே திண்ணைப் பள்ளியில் போற்றத்தக்க ஏற்பாடு ஒன்றும் இருந்தது. மூத்த மாணாக்கன் ஒருவன் சட்டாம்பிள்ளையாக அமர்ந்து இளையோருக்கு எழுத்தறிவித்தான். 1789-ஆம் ஆண்டு முதல் சென்னை எழும்பூரில் ஓர் அநாதைச் சிறுவர் விடுதியை நடத்திய ஆன்ட்ரூ பெல் என்னும் பாதிரியார், நாட்டுப் பள்ளியொன்றில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் பயில்வதைக் கண்டு தம் பள்ளியிலும் அதனைக் கைக்கொண்டார். பிள்ளைகளைக் கொண்டே பிள்ளைகளுக்குக் கற்பிக்கும் அவருடைய முறை 'மதராஸ் முறை' என்னும் பெயரோடு இங்கிலாந்திலும் பரவியது. பொறுப்பைக் கொடுத்தால் பிள்ளை பொறுப்போடு நடப்பான் என்னும் உண்மை அதில் இருந்தது.

இந்த உண்மையை முழுமையாக நடத்திக்காட்டிய பெருமை குஜராத்தின் கிஜுபாய் பதேகாவைச் சாரும். 1885-இல் பிறந்த அவர் வழக்கறிஞராய் இருந்தவர். தமக்கு ஒரு மகன் பிறந்த பின்னர், அவனை எப்படிப் பயிற்றுவது என்று சிந்திக்கத் தொடங்கி, தொழிலையே விட்டவர். 1920-இல் பாவ்நகரில் 'பால மந்திர்' என்னும் சிறுவர் பள்ளியைத் தொடங்கினார். அங்கே அடிக்கு இடமில்லை. 'மீசை வைத்த தாய்' என்று மக்கள் அவரை அன்போடு அழைத்தனர். பகற்கனவு என்னும் பொருள்படும் 'திவாஸ்வப்ன' என்னும் கதைநூலையும் 1930-களின் தொடக்கத்தில் அவர் எழுதினார். அதில் வரும் ஆசிரியர், நான்காம் வகுப்பொன்றைப் புதிய முறையில் நடத்த முன்வருகின்றார். முதல் நாள் பிள்ளைகளை மௌனமாய் அமரச் செய்ய முயன்று தோற்றுப்போகின்றார், வகுப்பே கேலிக்கூத்தாகின்றது. அடுத்துக் கதை சொல்லத் தொடங்குகின்றார். அதட்டாமலே வகுப்பு அடங்குகின்றது. ஆர்வத்தோடு ஒன்றில் ஈடுபட்ட மனம் தானே அமைதி கொள்ளும் என்பது அதன் பொருள்.

இன்று நாட்டின் சட்டமும் இவ்வழியில் நிற்கின்றது. டில்லிப் பள்ளி விதிகளில் உடல் தண்டனைக்கு இடமளித்திருந்த பகுதியை 2000-ஆம் ஆண்டு டிசம்பரில் டில்லி உயர்நீதிமன்றம் நீக்கியது. பின்னர் வந்த 2009-ஆம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அதன் 17-ஆம் பிரிவு, பிள்ளைகளுக்கு உடல் தண்டனை அளிப்பதையும் மனத் துன்புறுத்தலையும் தடைசெய்கின்றது. மீறுவோர்மீது பணி விதிகளின்படி நடவடிக்கை எடுக்கவும் வழிசெய்கின்றது. மனத் துன்புறுத்தல் என்பதைக் கவனிக்கவேண்டும். பிரம்பை எடுக்காமலே, மற்ற பிள்ளைகளின் முன்னிலையில் ஒரு பிள்ளையின் பேச்சையோ நிறத்தையோ ஊரையோ சொல்லி நகையாடுவதும் தவறே. பிள்ளை அச்சமும் பதற்றமும் இன்றிக் கற்கவேண்டும் என்று 29-ஆம் பிரிவு கூறுகின்றது.

சட்டம் விலக்கியதைச் சிலர் மனத்தளவில் இன்னும் ஒப்பவில்லை. "அடியாத மாடு படியாது" என்பர். மாட்டுக்கு அது பொருந்துமோ பொருந்தாதோ, பிள்ளைக்குப் பொருந்தாது. அடி உடனே பலன் தருவது போலத் தோன்றும், அதில்தான் ஏமாறுகின்றோம். ஆசிரியர் அறைக்குள் இருக்கும்வரை வகுப்பு ஊமையாய் இருக்கும். அவர் வெளியே காலெடுத்து வைத்ததும் சந்தையாகிவிடும். அடிக்கு அஞ்சிய பிள்ளை, எது சரி, எது தவறு என்பதைக் கற்பதில்லை. யார் பார்க்கின்றார், யார் பார்க்கவில்லை என்பதையே கற்கின்றான். பொய் சொல்லவும் மறைக்கவும் பழகுகின்றான். வலியவன் எளியவனை அடிக்கலாம் என்பதையும் கண்ணாரக் கண்டு, விளையாட்டிடத்தில் தன்னினும் சிறியவனிடம் அதனைச் செய்துபார்க்கின்றான். "ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா" என்று நாம் சொல்கின்றோம். உண்மைதான், ஆனால் இளங்கொம்பைப் பொறுமையாகக் கையால்தான் வளைக்கவேண்டும். ஓங்கி அடித்தால் அது ஒடியும்.

அங்ஙனமாயின், வகுப்பில் ஒழுங்கை நிலைநாட்டும் வழி யாது? முதலாவது, விதிகள் சிலவாகவும் தெளிவாகவும் இருத்தல் வேண்டும். சுவரில் பதினைந்து விதிகளைத் தொங்கவிட்டால் ஆசிரியருக்கே நினைவிராது. மூன்று, நான்கு போதும். அவையும் 'ஓடாதே, கத்தாதே, தொடாதே' என்று விலக்குவனவாய் இராமல், செய்யவேண்டியதைச் சொல்வனவாய் இருத்தல் நலம். 'நடந்து செல்வோம்', 'ஒருவர் பேசும்போது மற்றவர் கேட்போம்', 'எடுத்த பொருளை எடுத்த இடத்தில் வைப்போம்' என்பன போன்றவை பிள்ளைக்கு விளங்கும். பின்னர் ஒவ்வொன்றையும் நடித்துக் காட்டவேண்டும். வரிசையில் நிற்பது எப்படி, கதவை ஓசையின்றிச் சாத்துவது எப்படி, வெளியே செல்ல அனுமதி கேட்பது எப்படி என்று பள்ளி திறந்த முதல் இரண்டு வாரம் பயிற்சி அளித்தால், ஆண்டு முழுதும் அதட்டும் வேலை மிச்சமாகும்.

இரண்டாவது, நாள் ஒழுங்கு. அடுத்து நடக்கவிருப்பது தெரிந்த பிள்ளை அமைதியாய் இருப்பான். தெரியாத பிள்ளை தவிப்பான். காலை வணக்கம், பாடம், நீர் அருந்துதல், விளையாட்டு, உணவு என்று நாள் ஒரே கதியில் சென்றால், அந்தக் கதியே பாதி ஒழுங்கை உண்டாக்கிவிடும். கேரளத்துப் பள்ளிகள் 2019-இல் பிள்ளைகள் நீர் அருந்துவதற்கென்றே தனியாக மணி அடிக்கத் தொடங்கின. வேறு மாநிலங்களும் அதனைப் பின்பற்றின. நம் மகனின் கதையை நினைக்கும்போதெல்லாம் அந்த மணியின் அருமை நமக்குப் புலப்படுகின்றது. அரசுப் பள்ளிகளின் மதிய உணவு நேரமும் சிறந்ததோர் ஒழுக்கப் பாடமாகும். கை கழுவுதல், முறைவைத்துப் பெறுதல், சாதி வேறுபாடின்றி ஒரே வரிசையில் அமர்தல், சிந்தாமல் உண்ணுதல், தட்டைத் துலக்கி வைத்தல் ஆகியவற்றை எந்தப் பாடநூலும் அத்துணை நன்றாகக் கற்பிக்க இயலாது.

மூன்றாவது, பாராட்டு. பாராட்டிலும் முறையுண்டு. 'நல்ல பையன்' என்று பொதுவாகச் சொன்னால், தான் செய்தவற்றுள் எது நல்லது என்பது பிள்ளைக்குத் தெரியாது. 'கீழே விழுந்த பென்சிலை எடுத்து உரியவனிடம் கொடுத்தாயே, அது நன்று' என்று செயலைப் பெயரிட்டுச் சொன்னால், அச்செயலை மீண்டும் செய்வான். கண்டிப்பதற்கும் இதே விதி பொருந்தும். 'நீ முரடன்' என்பது பிள்ளைமீது குத்தும் முத்திரை. நாளடைவில் அவன் அந்தப் பெயருக்கேற்ப நடக்கவும் தொடங்குவான். 'நீ அவனைத் தள்ளினாய். அவனுக்கு வலிக்கின்றது' என்பது நடந்ததைச் சொல்லும் சொல். முன்னது பிள்ளையைக் குறைகூறுகின்றது; பின்னது செயலைத் திருத்த வழிவிடுகின்றது. பாராட்டைப் பலர் அறியவும், கண்டனத்தை அருகில் அழைத்துத் தாழ்ந்த குரலிலும் சொல்லுதல் நல்லாசிரியர் வழக்கம்.

நான்காவது, பொறுப்பு. கரும்பலகை துடைத்தல், செடிக்கு நீர் ஊற்றுதல், புத்தகங்களை அடுக்குதல், வருகையைக் கணக்கிடுதல் என்று வகுப்பில் எத்தனையோ வேலைகள் உண்டு. இவற்றைக் கெட்டிக்காரப் பிள்ளைகளுக்கே கொடுத்துவிடாமல் எல்லோருக்கும் வாரமுறை வைத்துக் கொடுக்கவேண்டும். வகுப்பைக் கலைக்கும் துடுக்குப் பிள்ளைக்கு முதலில் கொடுப்பது இன்னும் சிறப்பு. கைக்கு வேலை கிடைத்தால் அவனுடைய துடுக்கு பாதியாகக் குறையும்.

ஐந்தாவது, தவற்றுக்கு ஈடுசெய்தல். தண்ணீரைக் கொட்டியவன் துடைக்கட்டும். பிறர் புத்தகத்தைக் கிழித்தவன் அமர்ந்து ஒட்டித் தரட்டும். மனம் நோகச் சொன்னவன் போய் ஓர் இனிய சொல் சொல்லட்டும். செய்த தவற்றோடு தொடர்பில்லாத தோப்புக்கரணமும் முழங்காலிடுதலும் அவமானத்தை மட்டுமே நினைவில் நிறுத்தும். துடைத்த துணியும் ஒட்டிய தாளும் தவற்றையும் அதன் திருத்தத்தையும் சேர்த்து நினைவூட்டும்.

ஆறாவது, காரணத்தைத் தேடுதல். ஆறு வயதுப் பிள்ளை நெடுநேரம் அசையாது அமர இயலாதவன். அது அவன் உடலின் இயல்பு. பாடத்தினிடையே எழுந்து கைதட்டவும், ஒரு பாட்டுப் பாடவும் இடமளித்தால் தொல்லை குறையும். இனி, பக்கத்துப் பிள்ளையிடம் ஓயாது பேசுபவனுக்குக் கரும்பலகை கண்ணுக்குத் தெரியாதிருக்கலாம். எழுதியிருப்பதைத் தோழனிடம் கேட்கின்றான். கூப்பிட்டால் திரும்பாதவனுக்குக் காது மந்தமாயிருக்கலாம். மேசைமீது தலைவைத்துக் கிடப்பவன் காலையில் உண்ணாமல் வந்திருக்கலாம். பள்ளிப் பிள்ளைகளின் உடல்நிலையைச் சோதிக்க 2013-இல் மத்திய அரசு தொடங்கிய 'ராஷ்ட்ரிய பால் ஸ்வாஸ்த்ய கார்யக்ரம்' என்னும் திட்டத்தின்கீழ், மருத்துவக் குழுவினர் அரசுப் பள்ளிகளுக்குச் செல்கின்றனர். மூக்குக் கண்ணாடி ஒன்றால் தீர்ந்துவிடும் 'ஒழுங்கீனமும்' உலகில் உண்டு.

இத்தனையும் சொல்லும்போது ஆசிரியரின் தொல்லையை மறத்தலாகாது. தொடக்கப் பள்ளியில் முப்பது பிள்ளைகளுக்கு ஓர் ஆசிரியர் என்பது சட்டத்தின் அளவு. அதனினும் மிகுந்த கூட்டத்தை ஒருவரே சமாளிக்கும் வகுப்புகளும் உள. அவருக்கு ஒவ்வொரு பிள்ளையின் வீட்டு வழக்கமும் தெரியும் என்று எதிர்பார்ப்பது முறையன்று. அதனைத் தெரிவிக்கவேண்டியவர் பெற்றோரே. வெளிமாநிலத் தமிழர்களாகிய நமக்கு இக்கடமை இருமடங்கு உண்டு.

புதிய மொழியில் பள்ளி செல்லும் பிள்ளை பல நாட்கள் வாய் திறவாமலே இருக்கக்கூடும். கேட்டுக்கேட்டுப் பொருள் கொள்ளும் காலம் அது. அதனை மந்தம் என்றோ பிடிவாதம் என்றோ கருதவேண்டாம். பள்ளியில் சேர்க்குமுன் அவ்வூர் மொழியில் ஐந்தாறு வாக்கியங்களை நாமே கற்பித்து அனுப்பலாம். வெளியே செல்லலாமா, தண்ணீர் வேண்டும், எனக்குப் புரியவில்லை, மீண்டும் சொல்லுங்கள், உடம்புக்கு முடியவில்லை, மன்னியுங்கள் என்பன போதும். ஆசிரியரை எந்தச் சொல்லால் விளிக்கவேண்டும் என்பதையும் சொல்லித்தரவேண்டும். இந்தியில் 'ஆப்' என்பது போல வங்காளியில் 'ஆப்னி' உண்டு. வீட்டுப் பெரியோரிடம் நாம் காட்டும் பணிவுக்கு அந்தந்த ஊரில் அந்தந்த உருவம் இருக்கின்றது. உருவம் மாறினாலும் பணிவு ஒன்றே என்பதைப் பிள்ளை எளிதில் உணர்ந்துகொள்வான்.

இவ்வாறு செய்யும்போது வீட்டில் தமிழை நிறுத்திவிடலாகாது. பள்ளி மொழி விரைவில் வரவேண்டும் என்று கருதி, பெற்றோரும் அரைகுறை இந்தியிலோ ஆங்கிலத்திலோ பேசத் தொடங்கினால், பிள்ளை தன் அச்சத்தையும் வருத்தத்தையும் சொல்லிக்கொள்ள ஒரு மொழியும் இல்லாதவனாவான். அன்று அவன் தாய் தமிழில் கேட்டாள், அவன் தமிழில் சொன்னான், உண்மை வெளிவந்தது. மொழிச் சிறுபான்மையினரின் பிள்ளைகள் தொடக்க நிலையில் தாய்மொழியில் கற்க வசதி செய்ய மாநிலங்கள் முயலவேண்டும் என்று அரசியலமைப்பின் 350-ஏ பிரிவு கூறுகின்றது. 1956-இல் சேர்க்கப்பட்ட பிரிவு அது. டில்லியில் 1923-இல் தோன்றிய தமிழ்க் கல்விக் கழகத்தின் பள்ளிகள் ஏழு இன்று நடைபெறுகின்றன. மும்பை மாநகராட்சியும் தமிழ்வழிப் பள்ளிகளை நடத்திவந்துள்ளது. அத்தகைய வசதி இல்லாத ஊர்களில், வீடே தமிழ்ப் பள்ளியாதல் வேண்டும்.

பெற்றோருக்குப் பள்ளி நிர்வாகத்திலும் இடமுண்டு. கல்வி உரிமைச் சட்டத்தின்படி அரசுப் பள்ளிகளில் அமையும் பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோர் அல்லது பாதுகாவலராயிருத்தல் வேண்டும். உறுப்பினருள் பாதிப்பேர் மகளிராயிருத்தல் வேண்டும். 'நாம் வெளியூர்க்காரர், நமக்கென்ன' என்று ஒதுங்காமல் அக்குழுவில் அமர்வது நம் பிள்ளைகளுக்கு நாம் செய்யும் உதவியாகும். பள்ளியில் பிள்ளை அடிபட்டான் என்று அறிந்தால், ஆத்திரத்தோடு வாயிலில் நின்று பூசலிடுவதால் பயனில்லை. முதலில் ஆசிரியரையும், பின்னர்த் தலைமையாசிரியரையும் கண்டு பேசவேண்டும். பயனில்லையேல் உள்ளாட்சி அமைப்புக்கு எழுத்து மூலம் முறையிடலாம்; மூன்று மாதங்களுக்குள் முடிவு காணவேண்டும் என்பது சட்டம். பிள்ளைக்கு உடனடி உதவி தேவைப்பட்டால் 1098 என்னும் தொலைபேசி எண் உண்டு.

வீட்டிலும் நாம் விட்டுவிடவேண்டிய வழக்கம் ஒன்று உளது. பிள்ளை குறும்பு செய்தால், 'இரு, உங்கள் டீச்சரிடம் சொல்கின்றேன்' என்று மிரட்டுகின்றோம். ஆசிரியரைப் பூச்சாண்டியாக்கிய பின், அவரிடம் பிள்ளை அன்போடு பழகவேண்டும் என்று எதிர்பார்ப்பது எங்ஙனம்? நாட்குறிப்பில் வரும் குறையைப் படித்ததும் தண்டனையை எண்ணாமல், 'என்ன நடந்தது?' என்று கேட்டு, விடை வரும்வரை காத்திருப்பதே நாம் முதலில் கற்கவேண்டிய ஒழுக்கம். வாய்மையையும் நேரம் தவறாமையையும் பணிவையும் பிள்ளை நம்மைப் பார்த்தே பயில்கின்றான். தொலைபேசியில் அழைப்பவரிடம் 'அப்பா வீட்டில் இல்லை' என்று சொல்லச் சொல்லிவிட்டு, பொய் சொல்லாதே என்று போதிப்பதால் ஒரு பயனும் இல்லை.

நம் மகனின் கதைக்கு ஒரு முடிவு உண்டு. அடுத்த திங்கட்கிழமை நாமும் அவன் தாயும் பள்ளிக்குச் சென்று ஆசிரியையிடம் விரலின் செய்தியைச் சொன்னோம். அவர் சற்றுநேரம் பேசவில்லை. பிறகு, தமக்கு அது தோன்றாமற் போயிற்றே என்று வருந்தினார். மறுநாள் வகுப்பில், ஊர்தோறும் பிள்ளைகள் எவ்வாறு அனுமதி கேட்கின்றார்கள் என்று ஒவ்வொருவரையும் காட்டச் சொன்னாராம். பீகாரிலிருந்து வந்த சிறுவன் ஒருவனும், ஒடிசாவிலிருந்து வந்த சிறுமி ஒருத்தியும் தத்தம் வழக்கத்தைக் காட்டினார்கள். இனி எல்லோருக்கும் ஒரே அடையாளம் என்று வகுப்பே கூடித் தீர்மானித்தது. அதன் பின்னர் அனுமதியின்றி ஒருவரும் ஓடவில்லை என்று சொல்லமாட்டோம், பிள்ளைகள் பிள்ளைகளே. ஆனால் நம் வீட்டில் காலை வயிற்றுவலி நின்றது. அவன் மீண்டும் தண்ணீர் குடிக்கத் தொடங்கினான்.

நாம் அவனிடம் மன்னிப்புக் கேட்க மேலும் இரண்டு நாட்கள் ஆயின. பெரியவர் பிள்ளையிடம் மன்னிப்புக் கேட்பது நம் குடும்பங்களில் வழக்கமில்லை. கேட்டபோது அவன் பெரிதாக ஒன்றும் சொல்லவில்லை. நம் வழக்கப்படி தலையைப் பக்கவாட்டில் அசைத்தான். அதன் பொருள் நமக்குத் தெரிந்திருந்தது. பிள்ளையின் ஒவ்வோர் அசைவுக்கும் பொருள் உண்டு. அதனைப் பொறுமையோடு அறிந்துகொள்ளும் ஆசிரியரும் பெற்றோரும் இருக்கும் இடத்தில், நல்லொழுக்கம் நாளடைவில் தானே வேரூன்றும்.